குணம் அண்ணைக்காக மூடிய மைதானம்

1

இப்போதெல்லாம் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனால், குணம் அண்ணையின் கடை வாசலைத் தவிர்த்து எதிர்ப் பக்க நடைபாதையால் போகிறேன். மழை பெய்தாலும் அப்படித்தான். மரக்கறியை வேறொரு கடையில் வாங்கிக்கொண்டு, கள்வன் மாதிரித் தலையைக் குனிந்தபடி மஜெந்தா ரயில் நிலையத்துக்குள் இறங்கிவிடுகிறேன்.

காரணம் அவருடைய கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஒரு படம். விமானச்சீட்டு விளம்பரத்துக்கும் நடன அரங்கேற்ற அறிவித்தலுக்கும் நடுவில் அது இருக்கிறது. கடற்கரை ஓரம் வெறுங்காலோடு நிற்கும் சிறுமிகள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் சிவப்பு ஜேர்சிகள். அவர்கள் பிடித்திருக்கும் நீளமான பதாகையில், கழுத்து நிறைய மாலையோடு குணம் அண்ணை கைகூப்பிச் சிரிக்கிறார். மணிவிழாக் காணும் அவருடைய அன்பளிப்பு என்று கொட்டை எழுத்தில் தமிழில் போட்டிருக்கிறது. கீழே எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பெயர், பிரான்ஸ் கிளை.

அந்தச் சிறுமிகளில் ஒருத்திக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் நிற்பது பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் ஒரு சின்னத் தீவு நாட்டில். படத்தை எடுத்தவள் என் மகள் ஆரபி. பதாகையை அடித்து அனுப்பியவன் நான், அந்தக் கழகத்தின் தலைவர்.

ஆரபி அங்கே போய் இந்தக் கிழமையோடு ஒரு வருடம் முடிகிறது. ஊரில் இருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதவேண்டும் என்று உட்கார்ந்தால் வேறொன்றும் எழுத வரவில்லை. நாட்டின் பெயரை மட்டும் போடவேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமாம். அதைப் பிரெஞ்சில்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

2

ஆரபி இங்கே பொண்டி என்ற புறநகரில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதிலேயே அவளுக்குப் பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அல்ஜீரியப் பெடியன்களோடு கார் நிறுத்தும் இடத்தில் அடித்து விளையாடி, பிறகு நகரத்துக் கழகத்தில் சேர்ந்தாள். நான் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. சனி, ஞாயிறில்தான் அடுப்படி அதிகம் கொதிக்கும். அவள் விளையாடியதை நான் பெரிதாகப் பார்த்ததில்லை.

ஆனால் உதைபந்து எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் புறநகர் மைதானம் ஒன்றில் எங்கள் ஊர்க் கழகங்கள் எல்லாம் கூடிச் சுற்றுப்போட்டி வைக்கிறோம். ஊர்ப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டு, வண்டியும் தொந்தியுமாக நாங்கள் மோதுகிற மோதல் ஊரில் இருக்கும் உங்களுக்குக்கூட வராது. பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஓர் இடம் உண்டு. ரோல்ஸும் வடையும் விற்கும் கூடாரம். ஆரபி ஒரு கோடையில் ரோல்ஸ் விற்றாள். அடுத்த கோடை வரமாட்டேன் என்றாள். வளர்ந்த பிள்ளை, கூச்சப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் பயிற்சியாளர் படிப்புப் படித்து, ஓர் உதவி நிறுவனத்தின் மூலம் அந்தத் தீவுக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்கவேண்டுமாம். என் மனிசி வதனி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்து, வதிவிட அனுமதி கொடுக்கும் பொபினி பிரிபெக்தூர் கந்தோர் வாசலில் குளிரில் வரிசை நின்று, ஒவ்வொரு முறையும் "இன்னும் ஒரு கடதாசி குறைகிறது" என்று திருப்பி அனுப்பப்பட்டு வாங்கிய வாழ்க்கை இது. பிள்ளை பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் ஏறி வருகிற ஒரு தீவுக்குப் பந்தடிக்கப் போகிறாள். இதை எந்த முகத்தோடு வெளியில் சொல்வது?

சொல்லவில்லை. லா சப்பலில் ஆராவது மறித்துக் கேட்டால் என் பதில் தயாராக இருந்தது.

"மகள் இப்ப என்ன செய்யிறா, தலைவர்?"

"அவுஸ்திரேலியாப் பக்கம் நிக்கிறா. ஒரு ஒர்கனிசாசியோனிலை வேலை."

"நல்லது, நல்லது. அங்கை நல்ல மாப்பிள்ளையளும் இருக்கினம்."

உலகப் படத்தில் பார்த்தால் நான் சொன்னது முழுப்பொய் இல்லை. அவுஸ்திரேலியாவில் இருந்து கொஞ்சம் தள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலையில் அவள் தொலைபேசியில் வருவாள். இங்கே காலை என்றால் அங்கே பொழுது சாயும் நேரம். மைதானத்தைக் காட்டுவாள். புல் என்று ஒன்றும் இல்லை, பவளக்கல்லும் மணலும்தான். பெரிய அலை வந்தால் ஒரு மூலை கடலுக்குள் போய்விடும். பயிற்சிக்கு முன் பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்குவார்கள். எல்லைக்கோட்டுக்குத் தென்னோலையை நீளத்துக்கு அடுக்கியிருப்பார்கள். லோசா என்ற பள்ளிக்கூட ஆசிரியைதான் இதையெல்லாம் தொடங்கியவள், ஆரபியை விட வயதில் மூத்தவள். வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் கெஞ்சிப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கியவள்.

அந்த நாட்டுக்கு உலக உதைபந்துச் சங்கத்தில் இடம் கிடையாதாம். ஒழுங்கான மைதானம் இல்லாததால் இடம் இல்லை. இடம் இல்லாததால் மைதானம் போட உதவியும் இல்லை. எனக்குப் பிரிபெக்தூர் ஞாபகம் வந்தது. "எங்களுக்கு அணி இருக்கு, நாடில்லை. உங்கடை ஆக்களுக்கு நாடு இருக்கு, அணி இல்லை" என்று பகிடி விட்டேன். ஆரபி சிரிக்கவில்லை.

அவளுக்கும் லோசாவுக்கும் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. பக்கத்துத் தீவின் பெண்பிள்ளைகள் அணியைச் சரக்குக் கப்பலில் அழைத்துவந்து ஒரு போட்டி நடத்துவது. அந்த நாட்டில் பெண்பிள்ளைகள் தீவுக்குத் தீவு விளையாடுவது அதுதான் முதல் தடவையாக இருக்குமாம். கப்பல் நினைத்த நேரத்தில் வராது. வரும் நாளைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கப்பல்காரருக்கே தெரியாது.

3

கோடைச் சுற்றுப்போட்டி முடிந்து கணக்குவழக்குப் பார்க்கக் கூடியிருந்தோம், குணம் அண்ணையின் கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில். மிச்சமான ஜேர்சிகளை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து ஆரபி அனுப்பிய ஒரு வீடியோ என் தொலைபேசியில் ஓடிவிட்டது. குணம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"உது ஆர்? எங்கடை ஆரபியே?"

"ஓம் அண்ணை."

"அவுஸ்திரேலியா எண்டனீர்?"

தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர், அதையும் சொல்லவேண்டும். வந்த புதிதில் எனக்குப் படுக்க இடம் தந்தவர்.

"உதை ஏன் ஐசே ஒளிச்சு வைச்சனீர்? பெருமையான விஷயமெல்லே! என்ரை மணிவிழாவுக்கு வன்னியிலை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பம் எண்டு இருந்தனான். இந்தமுறை பசிபிக்குக்குக் குடுப்பம். இதுவரைக்கும் ஒரு கழகமும் செய்யேல்லை."

உங்களுக்கு இந்த வழக்கத்தை விளக்கத் தேவையில்லை. இங்கே ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அங்கே பிள்ளைகளுக்குப் புத்தகப் பை. பையோடு பதாகையும் வரும். பிள்ளைகள் வெயிலில் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். படம் இங்கே வந்து சேர்ந்தால்தான் கொடுத்தது கொடுத்ததாகும்.

ஆரபியிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். பந்துக்குக் காற்றடிக்கும் ஊசிகள், ஓட்டை அடைக்கும் பசை, சின்னப் பிள்ளைகளின் அளவுப் பந்துகள் என்றாள். பவளக்கல்லில் அடித்தால் எந்தப் பந்தும் சீக்கிரம் காற்றுப் போய்விடுமாம். இதைக் கூட்டத்தில் சொன்னேன்.

"ஊசியை என்னெண்டு தலைவர் படம் எடுக்கிறது?" என்றார் குணம் அண்ணை.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

எங்கள் ஆட்கள் போட்டுத் தேய்ந்த சப்பாத்துகள், பெரிய அளவு ஜேர்சிகள், பழைய சுற்றுப்போட்டிகளில் வென்று அறைக்குள் தூசி பிடித்துக் கிடந்த கிண்ணங்கள், எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டினோம். மேலே பதாகையை மடித்து வைத்தோம். ஊசி வாங்க மறந்துபோனோம். பொண்டி தபாற்கந்தோரில் இருந்த பெண் கணினியில் அந்த நாட்டைத் தேடு தேடென்று தேடினாள். அப்படி ஒரு நாடு உண்மையாகவே இருக்கிறதா, மெஸ்யூ, என்று கேட்டாள். என் மகள் அங்கேதான் வேலை செய்கிறாள் என்று முதல் தடவையாக நிமிர்ந்து சொன்னேன். இப்போது நினைத்தால் அதற்கும் கூச்சமாக இருக்கிறது.

4

பெட்டிகள் கடல் கடந்து போய்ச் சேர மாதக்கணக்காயிற்று. ஆரபி பதாகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு உடனே அழைத்தாள். இதைப் பிடிக்காமல் படம் எடுக்கலாமா என்று கேட்டாள்.

"ஒரே ஒரு படம் பிள்ளை. மனுசன் ஆசைப்படுறார்."

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை விட்டுப் பந்தடிக்கப் போன பிள்ளை. வாழ்த்துத்தான் எழுதியிருக்கிறது என்றேன். அவள் படத்தை எடுத்து அனுப்பிவிட்டு, போட்டி விஷயமாகப் பேசுவதற்காக அடுத்த நாளே படகில் தலைநகரத் தீவுக்குப் போய்விட்டாள்.

அந்தப் படத்தால் நான் லா சப்பலில் பெரிய மனிதன் ஆனேன். குணம் அண்ணை அதைப் பெரிதாக அடித்துக் கண்ணாடியில் ஒட்டினார். கடைக்குப் போனால் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். "பசிபிக் தலைவர் வாறார்" என்று பகிடி பண்ணினார்கள். மகளைப் பற்றி இப்போது நானே வலியப் போய்ச் சொல்லத் தொடங்கினேன். அவுஸ்திரேலியா மாப்பிள்ளைக் கதை போன இடம் தெரியவில்லை.

ஒருநாள் பின்னேரம், வேலை முடிந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஆரபி அழைத்தாள். அங்கே அது விடியற்காலை. அவள் அந்த நேரத்தில் அழைப்பதில்லை. குரல் சரியில்லை.

அவள் தீவுக்குத் திரும்பிவந்தபோது மைதானத்தில் ஒரு பிள்ளையும் இல்லையாம். வாசலில் குறுக்கே தென்னோலை கட்டியிருந்ததாம். லோசாவிடம் ஓடினால், அவள் ஆரபியைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். உன் மாமாவுக்காக நாங்கள் எல்லோரும் துக்கம் காக்கிறோம் என்றாளாம்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. மாலை போட்ட ஒரு பெரிய படம். அதோடு கூட வந்த தேய்ந்த சப்பாத்துகள், போட்டுக் கழித்த ஜேர்சிகள், ஒரு மனிதன் ஆயுள் முழுக்க விளையாடி வென்றது போன்ற பழைய கிண்ணங்கள். அந்தச் சனம் என்ன நினைக்கும்? தூர தேசத்தில் ஒரு பெரிய விளையாட்டுக்காரர் இறந்துவிட்டார், அவருடைய வீட்டார் அவர் பாவித்த பொருட்களை எங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். சாவு வீட்டில் கேள்வி கேட்பது அங்கே மரியாதை இல்லையாம். அதனால் ஆரபியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பதாகையைத் தேவாலயத்தில் தொங்கவிட்டுப் பாடினார்கள். ஊர் மூப்பர் மைதானத்தை மூடினார். அவர்களுடைய வழக்கப்படி ஒரு மாதத்துக்கு அங்கே பந்து உருளக்கூடாது.

பக்கத்துத் தீவு அணியோடு கப்பல் அதற்கு முன்னமே வந்துவிடும்.

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வந்தது சிரிப்புத்தான். குணம் அண்ணை கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பாக்கு மென்றுகொண்டு இருக்கிறார், அங்கே அவருக்குத் துக்கம் காக்கிறார்கள். ஆரபி நான் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, பிள்ளைகள் உண்மையாகவே அழுதார்கள் அப்பா, உங்களுக்கு விளங்குகிறதா என்று கேட்டாள்.

"ஆள் உயிரோடை எண்டு லோசாவிட்டைச் சொல்லன் பிள்ளை."

சொல்லிவிட்டாளாம். லோசா நம்பினாளாம். ஆனால் மூப்பர், சாவுச் செய்தி எந்த வீட்டில் இருந்து வந்ததோ அந்த வீட்டுப் பெரியவர் வாயால்தான் அது மாறவேண்டும், சின்னப் பிள்ளையின் சொல்லில் ஓலையை அவிழ்க்க முடியாது என்றாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி இருப்பார்கள், நீங்கள் பேசவேண்டும் என்றாள்.

"குணம் அண்ணைக்குத் தெரிய வந்தால்..." என்று தொடங்கினேன்.

அவள் தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

5

ஞாயிறு காலை வதனி என் வெள்ளைச் சேட்டை அயன் பண்ணித் தந்தாள். குணம் அண்ணையிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மேசையில் தொலைபேசியை நிறுத்தி, அதற்கு முன்னால் விசாவுக்கு நேர்முகம் போனவன் மாதிரி இருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் இரண்டு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன்.

திரையில் கண்ணாடி போட்ட வயதான மனிதர் ஒருவர் பாயில் இருந்தார். அவர்தான் மூப்பர். ஒரு பக்கம் ஆரபி, மறுபக்கம் லோசா. பின்னால் தாய்மார், அவர்களுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். எல்லோரும் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். பூசைக்குப் போய் வந்த உடுப்பாக இருக்கும் என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த மனிதர் உயிரோடு இருக்கிறார், பிழை என்னுடையது, என்னை மன்னிக்கவேண்டும் என்று சொன்னேன். பாடமாக்கியதில் பாதி மறந்துவிட்டது. லோசா அதைத் தங்கள் மொழியில் மூப்பருக்குச் சொன்னாள்.

அவர்கள் கோபிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். குறைந்தபட்சம் சிரிப்பார்கள் என்றாவது எதிர்பார்த்தேன். மூப்பர் கண்ணை மூடி ஏதோ சொன்னார். பின்னால் இருந்த தாய்மார் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கைதட்டினார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்தாள்.

ஆரபி எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் இருக்கிறார் என்று சந்தோசப்படுகிறார்கள். மூப்பர் கடவுளுக்கு நன்றி சொன்னார். நாளைக்கு மைதானத்தைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். முகம் தெரியாத ஒருவர் சாகவில்லை என்று அந்தச் சனம் பட்ட சந்தோசத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. குணம் அண்ணை நல்லாக இருக்கிறாரா என்று நானே கடைசியாக எப்போது அக்கறையோடு கேட்டேன் என்று தெரியவில்லை. நன்றி சொல்லி முடித்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

அப்போது லோசா ஏதோ கேட்டாள். ஆரபி வழக்கம்போலப் பிரெஞ்சில் தொடங்கினாள். லோசா அவளுடைய கையைத் தொட்டு நிறுத்தினாள். அப்பாவோடு பேசும்போது அப்பாவின் மொழியில் பேசு என்று சொல்லியிருக்கவேண்டும். ஏனென்றால் ஆரபி தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"லோசா கேக்கிறா... அந்த மாமா உயிரோடை இருந்தா, ஏன் பிள்ளையள் அவரின்ரை படத்தைப் பிடிக்கோணும் எண்டு."

லோசா குத்திக் கேட்கவில்லை. தெரியாததால் கேட்டாள். நான் வதனியைப் பார்த்தேன். அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"அது எங்கடை வழக்கம் எண்டு சொல்லு."

ஆரபி சொன்னாள். லோசா தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஒன்று கேட்டாள்.

"அப்ப வேறை பிள்ளையளும் இப்பிடிப் பிடிக்கிறவையோ எண்டு கேக்கிறா."

வன்னியில் இருந்து வந்த படங்கள் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. வரிசையாக நிற்கும் பிள்ளைகள், வெயிலுக்குச் சுருக்கிய கண்கள். அவர்களுக்கு எங்கே நிற்பது, எந்த உயரத்தில் பிடிப்பது என்று எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவரும் எங்களிடம் ஏன் என்று கேட்டதில்லை.

"இல்லை," என்றேன். "இதுதான் முதல் தரம் எண்டு சொல்லு பிள்ளை."

ஆரபி அதைச் சொல்லவில்லை. திரைக்குக் கிட்ட வந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் அவளுடைய முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அப்பா," என்றாள், தமிழில்தான். "என்ரை பத்தாவது பிறந்தநாளுக்கு அங்கை பிள்ளையள் என்ரை படத்தைப் பிடிச்சவை. எங்கடை வீட்டுச் சலோன் சுவரிலை அந்த போட்டோ கனகாலம் கொழுவி இருந்தது. அந்தப் பிள்ளையளும் நான் செத்துப்போனன் எண்டு நினைச்சிருப்பினமோ?"

லோசா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, நான் என்ன சொன்னேன் என்று தனக்குச் சொல்வார்கள் எனக் காத்திருந்தாள்.